எண்ணெய் மேல் தப்பில்லை

பெரிம்மா சுட்ட கிறிஸ்துமஸ் கேக் ஒரு வருஷம் நடுவில் அமுங்கிப் போனது. அதற்குக் காரணம் நான். கதவை டமாலென்று சாத்தினேனாம். நான் அந்த வீட்டுக்குள் நுழையும்போதே கேக் வெந்து, ஆறி, மேசைக்கு வந்து, ஒரு துண்டு வெட்டியும் ஆகியிருந்தது. அதைச் சொன்னேன்.

"போன வாரம் சாத்துனியே, அன்னைக்கே ஓவன் ஆடிப்போச்சு," என்றார்.

இப்படிப்பட்டவரிடம் என்னத்தைப் பேசுவது? வாயை மூடிக்கொண்டு அமுங்கின கேக்கைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அவர் எனக்குச் சொந்தப் பெரியம்மா இல்லை. ஆம்பூரில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டின வீடு. அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரிம்மா. ஊருக்கு அவர் லேப் அம்மா. தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் தோல் ஷாப் என்போம். அப்படி ஒரு தோல் ஷாப்பில், ரிட்டயர் ஆகும் வரை, லேபில் இருந்தவர். தோலில் எவ்வளவு கொழுப்பு நிற்கிறது, கழிவுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஊற்றிப் பார்க்கிற வேலை. முதலாளி சாயபு அவரிடம் கொஞ்சம் பயந்துதான் பேசுவாராம். ரிப்போர்ட் ஒத்துவராவிட்டால், தோலை எடுத்து வந்தவன் தப்பு, டிரம்மைக் கழுவினவன் தப்பு, பாலாற்றுத் தண்ணீர் தப்பு. லேப் அம்மா கலக்கின கரைசலில் மட்டும் தப்பு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

எதையும் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிப் பார்த்து, இது இல்லை என்று தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். முறையில் யாரும் குறை சொல்ல முடியாது. சந்தேகப்பட வேண்டியவர்களை வரிசையாக நிறுத்தும்போது தன்னை மட்டும் நிறுத்த மறந்துவிடுவார், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன். எனக்கு முன்னால் அந்த வீட்டின் நிரந்தரக் குற்றவாளி அவர்தான். படிப்பு முடிந்து பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்பின அன்று, "இனிமே இந்த வீட்ல நடக்கிற எல்லாத் தப்புக்கும் நீதான் பொறுப்பு தங்கச்சி. சார்ஜ் ஒப்படைச்சிட்டேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

அண்ணன் தன் சின்ன வயதுக் கதை ஒன்றை அடிக்கடி சொல்வார். வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஒரு நாள் நின்றுபோனது. சாவி கொடுத்தவன் மகன். "நீ ஓவரா முறுக்கிட்ட," என்று முதுகில் இரண்டு வைத்தார் அம்மா. பிறகு பார்த்தால் கடிகாரம் சுவரில் கோணலாகத் தொங்குகிறது. மாட்டினது அம்மா. நேராக மாட்டினதும் டிக் டிக்கென்று ஓட ஆரம்பித்தது. சரி, இப்போதாவது ஏதாவது சொல்லுவார் என்று பையன் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

"பாத்தியா, நீ தொடாம இருந்தா எப்டி ஓடுது!" என்றாராம் அம்மா.

அண்ணன் இந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துத்தான் சொல்வார். நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன். ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்வார்.

பெரிம்மாவுக்கு ஒரு டீசல் கார் இருந்தது. பெரியப்பா வாங்கி, ஓட்டி, விட்டுவிட்டுப் போனது. எங்கள் தெருவில் கார் ஓட்டின முதல் பெண்பிள்ளை அவர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு, செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டுக்கு, மாதம் ஒரு தடவை வேலூருக்கு. பக்கத்து இருக்கையில் நான். அப்போது நான் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். லீவு நாளில் எனக்கு வேலை, இடது பக்கம் திரும்பும்போது கையை வெளியே நீட்டிக் காட்டுவது. யாராவது ஹாரன் அடித்தால், "நீ கைய ஒழுங்கா நீட்டல," என்பார். வலது பக்கம் திரும்பும்போதும் அதையேதான் சொல்வார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு காலம் வந்தது. எந்தப் பேப்பரைத் திறந்தாலும் காட்டாமணக்கு விதையிலிருந்து டீசல், புங்கன் விதையிலிருந்து டீசல் என்று எழுதினார்கள். பெரிம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இன்னாத்துக்குடி செடி வெச்சி, தண்ணி ஊத்தி, காய் வர்ற வரைக்கும் வானத்தப் பாத்துக்கினு உக்காரணும்? நம்ம ஊர்ல கொழுப்பு கொட்டிக் கெடக்குது."

"அது தெரிஞ்ச விஷயம்தானே பெரிம்மா," என்றேன்.

முறைத்தார். ஆனால் அவர் சொன்னது நிஜம். பச்சைத் தோலில் ஒட்டியிருக்கும் ஜவ்வை, சுண்ணாம்பு போடும் முன்னால் தோல் ஷாப்பில் சுரண்டி எடுத்துக் குவிப்பார்கள். அதில் பாதி கொழுப்பு. பழைய முதலாளி சாயபுவிடம் கேட்டார். "அம்மா, நாத்தம் புடிச்ச சரக்கு, எடுத்தினு போனா எனக்குப் புண்ணியம்," என்று அவர் டின் டின்னாக அனுப்பிவைத்தார். காரை நிறுத்துகிற தகரக் கொட்டகையிலேயே அடுப்பு மூட்டி, கொழுப்பை உருக்கி, வடிகட்டி, லேபில் பழகின ஸ்பிரிட்டும் காஸ்டிக் சோடாவும் கலந்து, கீழே தங்கினதைப் பிரித்து, மேலே நின்றதைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு பாட்டிலில் ஊற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தார். தேன் நிறத்தில் பளிச்சென்று இருந்தது.

"எப்டி?" என்றார். பிறந்த குழந்தையைக் காட்டுகிற மாதிரி முகம்.

உண்மையாகவே அழகாக இருந்தது. சொன்னேன். அன்றைக்கு எனக்கு இரண்டு அதிரசம் கிடைத்தது.

கீழே தங்கினதில் சோப்பு செய்தார். கோயில் பாட்டுக்குழுவில் இருந்த எல்லோர் வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு கட்டி. வாங்கமாட்டேன் என்று சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. போட்டுக் குளிக்கும் தைரியமும் இல்லை. எங்கள் வீட்டில் அம்மா அதைப் பாத்ரூம் ஜன்னலில் பெரிம்மா கண்ணில் படுகிற மாதிரி வைத்திருந்தாள்.

பாதி டீசல், பாதி இந்த எண்ணெய். கார் ஓடியது. அதில் எங்களுக்கெல்லாம் ஆச்சரியம், அவருக்கு இல்லை. ஒரே ஒரு விஷயம், புகையில் ஆட்டுக்கறி வாசனை வந்தது. பஜாரில் போனால் பின்னாலேயே நாய்கள் ஓடி வரும். கோயில் வாசலில் இறங்கும்போது எங்களுக்கு முன்னால் நாய்கள் வந்து நிற்கும். "நாய்ங்களுக்கு உன்ன புடிச்சிருக்குது," என்று என்னிடம் சொல்லிவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விடுவார்.

கொஞ்ச நாளில் கார் இழுக்காமல் போனது. சமதரையில் நன்றாக வரும். பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்கும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பிக்கப் இல்லை. சைக்கிள்காரன் ஒருவன் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தான். பைபாஸ் ரோட்டில் ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். எந்த வண்டி எந்த நோயோடு வந்தாலும் அவருக்கு ஒரே வியாதிதான் தெரியும். "நாசில் அடைப்பு," என்பார். எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற மூக்கு அது. ஹாரன் அடிக்காவிட்டாலும் நாசிலைத்தான் கழற்றுவார்.

"அம்மா, நாசில் போச்சு. அந்த எண்ணெய உடுங்கம்மா, பேஜாரு," என்றார் பாய்.

"எண்ணெய் மேல தப்பில்ல," என்றார் பெரிம்மா.

இரண்டு நாள் கொட்டகையில் விசாரணை நடந்தது. ஏர் ஃபில்டரை மாற்றினார். அது இல்லை. நாசிலைக் கழற்றிப் பார்த்தார். அதுவும் இல்லை. பாய் முகம் வாடிப்போனது. டீசல் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே கன்னங்கரேல் என்று சேறு. டேங்கில் வருஷக்கணக்காகப் படிந்து கிடந்த அழுக்கையெல்லாம் புது எண்ணெய் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்த்திருந்தது.

"பாத்தியா? இத்தினி வருஷமா டீசல் போட்ட அழுக்க நம்ம எண்ணெய் கழுவிவுட்டிருக்குது. நல்லது பண்ணா தப்பா?"

ஃபில்டர் மாற்றினதும் கார் பறந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம்.

அடுத்த தடவை மாதனூர் கிட்ட நின்றது. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஓஸ் ஊறி, கொழகொழவென்று ஆகி, வழியில் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. எண்ணெய்தான் ரப்பரை ஊறவைத்தது என்று எனக்கே தெரிந்தது. "டூப்ளிகேட் ரப்பர். கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்றார். அதற்கு அடுத்த தடவை வேலூர் போகிற வழியில் பிக்கப் இல்லாமல் போனபோது, "நீ வெயிட் ஜாஸ்தி ஆயிட்ட," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு மாலை வீட்டுக்கு வந்து, ஒரு டம்ளர் பாயசம் கொடுத்துவிட்டுப் போனார். மன்னிப்பு என்கிற வார்த்தைக்கு அவரிடம் இருந்தது அதுதான். ஏலக்காய் தூக்கலாகப் போட்டிருப்பார்.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை எங்கேயாவது சொல்லிவிட வேண்டும், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்த அண்ணன் முன்பு மாதிரி இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் பெரிம்மா பேர்ணாம்பட்டு ரோட்டில் கார் நின்று, மழையில் நனைந்து, காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தார். அது அண்ணன் காதுக்குப் போய்விட்டது. (நான் சொல்லவில்லை. ஆனால் சொன்னது நான்தான் என்று முடிவாகியிருந்தது.) சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் ஆரம்பித்தார்.

"அம்மா, வீட்டப் பூட்டிட்டு என்கூட வந்துடு. உனக்குன்னு ரூம் இருக்குது. இங்க தனியா எதுக்கு?"

"எனக்கு இன்னாடா கொறச்சல் இங்க? கோயிலு, மார்க்கெட்டு, ஆஸ்பத்திரி, எல்லாம் நானே போய்ட்டு வர்றேன்."

"எதுல? அந்தக் கார்லயா? அது நடுரோட்ல உன்ன உட்டுட்டு நிக்குது. அந்தக் கார் ஓடுற வரைக்கும்தாம்மா நீ இங்க தனியா இருக்க முடியும். அது ஓடல."

பெரிம்மா எழுந்துவிட்டார். "ஓடலயா? எங்க வேணா கூட்டினு போறேன். ஏலகிரி மேல ஏறிக் காட்றேன்."

"சரி. ஏலகிரி போவலாம். ஒரு ராத்திரி தங்கலாம். திரும்பி இந்த வாசல்ல வந்து நிக்கணும். நடுவுல எங்கயும் மக்கர் பண்ணக் கூடாது. பண்ணாம வந்துட்டா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். நின்னா, நீ பெட்டி கட்டணும்."

"கட்றேன்டா," என்றார் பெரிம்மா.

அன்று மாலை முழுக்க அவர் வீட்டுக்குள் சும்மா நடந்துகொண்டிருந்தார். கொட்டகைக்குப் போனார், சமையலறைக்கு வந்தார், பின்கட்டில் முருங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அங்க எட்டாவது மாடிடி. ஜன்னலத் தொறந்தா காத்து மட்டும்தான் வரும், மனுசங்க வர மாட்டாங்க," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜெயித்துவிட வேண்டும் ஆண்டவரே என்று நானும் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் கிளம்பும்போது கொட்டகையில் டேங்கை நிரப்பினார். வழக்கமாகப் பாதி டீசல் கலப்பவர், அன்றைக்குக் கலக்கவில்லை.

"பெரிம்மா, டீசல்?"

"எதுக்கு? நாளைக்கி டீசல் போட்டதாலதான் ஓடுச்சின்னு சொல்லுவான். முழுக்க நம்ம எண்ணெய்தான்."

ரோஷம் வந்தால் அவர் அப்படித்தான். நான் சொன்னால் மட்டும் கேட்கவா போகிறார்?

மலை ஏறும்போது அவரே ஓட்டினார். கார் என்னமாய் ஏறியது! கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு திரும்பியது. பின்னால் வந்த ஒரு வேன் எங்களை முந்த முடியாமல் ஹாரன் அடித்தது. பெரிம்மா கண்ணாடியில் அதைப் பார்த்து, "வழி வேணுமாம்," என்று சிரித்தார். மேலே கோயில் விருந்தினர் விடுதியில் தங்கினோம். காவல்காரர், சமையல்காரம்மா, ரூமுக்கு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த யாரோ ஒரு பெண் என்று எல்லோரிடமும் தான்தான் ஓட்டி வந்ததாகச் சொன்னார். அண்ணன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பந்தயத்தில் தோற்கப் போகிற ஆள் முகம் மாதிரி அது இல்லை. எனக்கு என்னவோ அவர் சந்தோஷமாக இருக்கிற மாதிரித்தான் தெரிந்தது.

காலையில் நல்ல பனி. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. ராத்திரி முழுக்கக் கார் திறந்த வெளியில் நின்றிருந்தது. பெரிம்மா சாவியை அண்ணனிடம் நீட்டினார்.

"எறக்கம்தானே. நீ ஓட்டு. நான் வேடிக்க பாத்துக்கினு வர்றேன்."

ஜெயித்தவர் காட்டுகிற தாராளம். வண்டி ஒரு முனகலோடு ஸ்டார்ட் ஆனது. விடுதியிலிருந்து மலை இறங்கும் ரோட்டுக்குப் போக, நடுவில் ஒரு சின்ன மேடு. அதில் பாதி ஏறினோம். அண்ணன் ஆக்சிலேட்டரை மிதித்தார். சத்தம் வந்தது, வேகம் வரவில்லை. இன்னும் மிதித்தார். சத்தமும் குறைந்தது. ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். பெரிம்மா இறங்கி பானெட்டைத் தூக்கினார்.

அண்ணன் பின் சக்கரத்துக்கு வைக்கக் கல் தேடிப் போனார். நான் ஸ்பேனரோடு பெரிம்மா பக்கத்தில் நின்றேன். வழக்கமான முறைதான். ஓஸைத் தடவிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. கைப் பம்பை அடித்தார். எண்ணெய் வரவில்லை. "ஸ்பேனர்," என்றார். டீசல் ஃபில்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார்.

உள்ளே வெள்ளையாக, கிண்ணம் நிறைய, டால்டா மாதிரி உறைந்திருந்தது.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதை வருஷா வருஷம் பார்க்கிறவர்கள்தான் நாங்கள். கொழுப்பில் செய்ததும் உறையும் என்று ஏனோ தோன்றவில்லை. ஆம்பூரில் அது உறைந்ததே இல்லை. கார் நிற்கிற கொட்டகையிலேயே கொழுப்பு காய்ச்சுகிற அடுப்பு. அந்தத் தகரத்துக்குக் கீழே மார்கழியிலும் வேர்க்கும். அதோடு எப்போதும் பாதி டீசல் இருக்கும். லேபில் ஆயுசு பூராவும் கொழுப்பை அளந்த அம்மாவுக்குக் குளிர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

பெரிம்மா விரலால் அதைத் தொட்டார். விரலில் ஒட்டியதைக் கட்டைவிரலால் தேய்த்தார். கிண்ணத்தைத் திரும்ப மாட்டி, பானெட்டை மூடிவிட்டு நிமிர்ந்தார். அண்ணன் கல்லோடு வந்துகொண்டிருந்தார். கிண்ணத்தில் இருந்ததை அவர் பார்க்கவில்லை.

அம்மா முகத்தைப் பார்த்தவர், கல்லைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"அம்மா, உட்டுடு. தப்பு என்னுது. எனக்கு டீசல் வண்டி பழக்கம் உட்டுப்போச்சு. எஞ்சின் சூடாவறதுக்குள்ள மேட்டுல ஏத்தி அடிச்சிட்டேன். நீ ஓட்டியிருந்தா நின்னிருக்காது. இது பந்தயத்துல சேராது."

எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, குற்றவாளி கிடைத்துவிட்டான்! அதுவும் தானாகவே வந்து கையை நீட்டுகிறான். பெரிம்மா தலையை ஆட்டினால் போதும். வீடு, கோயில், மார்க்கெட், முருங்கை மரம், எல்லாம் மிஞ்சும். அவருக்கு இது புதுசும் இல்லை. ஆயுசு பூராவும் செய்ததுதான். ஆட்டுங்க பெரிம்மா, சீக்கிரம் ஆட்டுங்க என்று நான் மனதுக்குள் கத்தினேன்.

அவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். காதோரம் அண்ணனுக்கு நரைத்திருந்தது. வளர்ந்த ஆம்பிளை, கையைக் கட்டிக்கொண்டு, தீர்ப்புக்கு நிற்கிற பையன் மாதிரி நின்றார்.

"இல்லடா," என்றார் பெரிம்மா. "நீ நல்லாத்தான் ஓட்டுன. எண்ணெய் ஒறஞ்சிப் போச்சு. நான் காய்ச்சுனது. தப்பு என்னுது."

என் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. அதற்குக்கூட அவர் என்னைத் திட்டவில்லை.

அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு, திரும்பவும் கழற்றித் துடைத்தார். பிறகு, "டீக்கடைல சுடுதண்ணி வாங்கினு வர்றேன்," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

ஃபில்டர் மேல் துணியைச் சுற்றிச் சுடுதண்ணீர் ஊற்றினோம். வெயில் ஏறி டேங்கில் படும் வரை கட்டைச்சுவரில் உட்கார்ந்து டீ குடித்தோம். எண்ணெய் இளகினதும் கார் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. அண்ணன் ஓட்டினார். ஜோலார்பேட்டை, வாணியம்பாடி தாண்டினோம். பெரிம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு, ரோட்டோரத்துக் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பப் பார்க்கமாட்டோம் என்று நினைத்துப் பார்க்கிற பார்வை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினதும் பெரிம்மா இறங்கி, "பரண்ல பெரிய பெட்டி இருக்குது, எறக்கிக் குடுடி," என்றார் என்னிடம்.

"எதுக்கு?" என்றார் அண்ணன்.

"பந்தயம் பந்தயம்தான்."

"நான் காருக்குத்தான் பந்தயம் கட்டுனேன். காருல ஒரு கொறையும் இல்ல. எண்ணெய்தான்னு நீயே சொல்லிட்ட." சாவியை அம்மா கையில் வைத்து மூடினார். "குளிர் காலத்துல டீசல் போடு. வெயில் வந்ததும் உன் எண்ணெய ஊத்திக்க. அந்த ஓஸ்ஸ மட்டும் நான் நல்லதா வாங்கி அனுப்பறேன்."

பெரிம்மா சாவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். விருட்டென்று உள்ளே போய்விட்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பாயசம் இருந்தது. ஏலக்காய் தூக்கல்.

மறுநாள் காலை அண்ணன் கிளம்பினார். ஆட்டோ வாசலில் நின்றது. பெரிம்மா எப்போதும் போலத் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லும்போது அண்ணனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. குனிந்து அம்மா கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆட்டோவில் ஏறினவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. தெருமுனை திரும்பும் வரை கைக்குட்டை முகத்திலேயே இருந்தது.

பெரிம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாடி இவன், சின்னப் புள்ள மாதிரி அழுதுக்கினு போறான்? இங்கயே இருன்னு அவன்தானே சொன்னான்? நான் இன்னா சொல்லிட்டேன் அவன?"

"ஏலகிரில சொன்னீங்களே பெரிம்மா. நீ நல்லாத்தான் ஓட்டுனன்னு. அந்த மாதிரி ஒரு வார்த்தைக்குத்தான் அவரு சின்ன வயசுல இருந்து காத்துக்கினு இருந்தாரு."

அவர் காலியாகக் கிடந்த தெருமுனையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கியதை அவர் துடைக்கவில்லை. அந்த முகத்தை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு கையைப் பிடிக்கப் போனேன்.

சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"இத நீ ஏன்டி எனக்கு முன்னாடியே சொல்லல?" என்றார்.